பெரிய தொட்டியும் நல்ல அயலும்

புதுமனை புகுமுன் இரண்டு விடயங்களை விசாரித்தறிவது நம் பெரியோர் வழக்கம். ஒன்று, அந்த வளவின் கிணற்றுநீர் எத்தகையது என்பது. மற்றொன்று, அயலில் இருப்போர் எத்தகையோர் என்பது. சுவர் உயர்ந்திருக்கலாம், கூடம் விரிந்திருக்கலாம். நீரும் அயலும் நல்லனவாக இல்லையெனின் அந்த வீட்டிலே நிம்மதியில்லை. மனிதர்க்கென ஏற்பட்ட இந்த வழக்கம் கண்ணாடித் தொட்டியில் வாழும் மீன்கட்கும் அப்படியே பொருந்தும் என்பதை நாம் நட்டப்பட்டே கற்றுக்கொண்டோம். அந்த அனுபவத்தையும், அதனை ஒட்டி வில்கமுவவில் நாம் அறிந்துகொண்ட வேறொரு செய்தியையும் இங்கே எழுத முற்படுகின்றோம். வீட்டில் மீன் வளர்க்கும் குடும்பத்தினர்க்கும் மாணாக்கர்க்கும் இது பயன்படும் என்பது எமது நம்பிக்கை.

நல்லெண்ணத்தால் விளைந்த கேடு

எமது வீட்டில் 45 சென்ரிமீற்றர் நீளமும் 25 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தொட்டி ஒன்று இருந்தது. விளிம்புவரை நிரப்பினாலும் அது கொள்வது ஏறத்தாழ 34 லீற்றர் நீரே. அதனுள் நான்கு பிளாட்டி, நான்கு குராமி, ஓர் ஏஞ்சல் மீன் என ஒன்பது உயிர்கள் நெருங்கி வாழ்ந்தன. பாடசாலை விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்கிவையாமல் தொட்டியின் முன் சென்று நிற்பது எம் மகளின் வழக்கம். "அப்பா, இவற்றுக்குத் திரும்பவே இடமில்லை, பெரிய வீடு வேண்டும்" என்று அவள் பல மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பிறந்தநாளுக்கு 90 சென்ரிமீற்றர் நீளமுள்ள புதிய தொட்டி வந்தது. அதன் கொள்ளளவு 126 லீற்றர்.

புதுவீட்டில் அழுக்கு எதற்கு என்று எண்ணினோம். பழைய வடிகட்டியின் பஞ்சினைக் குழாய்நீரிற் கசக்கி வெள்ளையாகும்வரை கழுவினோம். பழைய கூழாங்கற்களை எறிந்துவிட்டுப் புதியன வாங்கி இட்டோம். குழாய்நீரை ஓரிரவு திறந்துவைத்து, மறுநாட் காலையில் மீன்களை மாற்றினோம். கண்ணாடி பளபளத்தது, நீர் பளிங்குபோல் இருந்தது. அன்று மாலை வீட்டினர் அனைவரும் அதன் முன் அமர்ந்தே தேநீர் அருந்தினோம்.

நான்காம் நாள் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் முடிவதற்குள் நான்கு பிளாட்டிகளும் ஒரு குராமியும் இறந்தன. நீரோ அப்போதும் பளிங்குபோலவே இருந்தது. மகள் எதுவும் பேசவில்லை. இறந்தவற்றை ஒரு தாளில் ஏந்திச் சென்று செவ்வரத்தைச் செடியின் அடியிற் புதைத்தாள். அன்றிரவு அவள், "நெருக்கமான வீட்டிலே உயிரோடிருந்தன. பெரிய வீட்டிற்கு வந்ததும் ஏன் இறந்தன, அப்பா?" என்று கேட்டாள். கல்லூரியிலே பல ஆண்டுகள் கற்பித்தும் அக்கேள்விக்கு விடை கூற எம்மால் இயலவில்லை.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

விடையைப் பின்னர் தேடிப் படித்தறிந்தோம். மீன்கள் தம் செவுள் வழியாகவும் கழிவின் வழியாகவும் அமோனியாவை வெளிவிடுகின்றன. எஞ்சிய உணவு அழுகுவதாலும் அமோனியா உண்டாகின்றது. இஃது அவற்றுக்குக் கொடிய நஞ்சு. ஆற்றிலோ குளத்திலோ நீர்ப்பெருக்கம் அதனை நீர்த்துவிடும். தொட்டியில் அதற்கு வழியில்லை. ஆனால் இயற்கை ஒரு வழி வகுத்திருக்கின்றது. ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சே, அது குருதியிற் புகுந்து ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். வேறொருவகைப் பற்றீரியாக்கள் அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்றை ஓரளவு நீர்த்தாவரங்கள் உறிஞ்சும். மீதியை நாம் நீர் மாற்றி அகற்றலாம்.

இந்தப் பற்றீரியாக்கள் நீரிலே மிதந்து திரிவன அல்ல; பெரும்பாலும் பஞ்சின் இழைகளிலும் கூழாங்கற்களின் மேற்பரப்பிலும் ஒட்டி வாழ்வன. புதிய தொட்டி ஒன்றில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். நாம் அழுக்கெனக் கழுவி ஊற்றியது உண்மையில் அழுக்கன்று. ஒன்பது மீன்களைக் காத்துவந்த ஒரு பெருங் குடித்தனத்தையே கழுவி ஊற்றிவிட்டோம். எஞ்சியவற்றையும் குழாய்நீரிலிருந்த குளோரின் கொன்றது. பளிங்குபோன்ற நீரிலே அமோனியா ஏறிக்கொண்டிருந்ததைக் கண் அறியவில்லை.

"பழைய நீரிற் பாதியை ஊற்றியிருக்கலாமே" என்று சிலர் கூறுவர். அதனாற் பெரும்பயன் விளையாது. காக்கும் உயிர்கள் பஞ்சிலும் கல்லிலுமே இருக்கின்றன. நீர்த்தாவரத்தையும் மீனையும் ஒரு பாத்திரத்தில் ஒன்றையொன்று தாங்குமாறு வாழவைக்கலாம் என்பதனை 1850-ஆம் ஆண்டு ஆய்ந்து வெளியிட்டவர் இங்கிலாந்து நாட்டு இரசாயன அறிஞர் ரொபேட் வாரிங்டன். வீட்டில் மீன் வளர்க்கும் கலை அவ்வாய்விலிருந்தே பரவலாயிற்று. தொட்டி என்பது அலங்காரப் பொருளன்று, ஒரு சிறு உலகத்தின் கணக்கு வழக்கு என்பதனை அவர் காலத்திலேயே உணர்ந்திருந்தனர். நாமோ அதனை ஐந்து உயிர்களின் விலையாகக் கற்றோம்.

இடமாற்றும் முறை

இனித் தொட்டி மாற்ற எண்ணுவோர்க்குச் சில குறிப்புகளைத் தருகின்றோம்.

முதலாவது, பாரம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். 126 லீற்றர்த் தொட்டி, கண்ணாடியும் கற்களும் சேர, 150 கிலோகிராமுக்கும் மேலாகும். ஆகவே உறுதியும் சமமட்டமும் உடைய மேசையில், வெயில் நேரே விழாத இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். நீர் நிரப்பியபின் நகர்த்த முயலுதல் கூடாது.

இரண்டாவது, நீர். குழாய்நீராயின் குளோரின் நீங்கவேண்டும். ஒரு நாள் முழுவதும் திறந்துவைத்துக் காற்றுக் குமிழி விடலாம், அல்லது மீன்கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைக் குறித்த அளவில் இடலாம். கிணற்றுநீராயின் குளோரின் இராது. ஆனால் கடினத்தன்மையைக் கவனித்தல் வேண்டும்.

மூன்றாவது, பழைய வடிகட்டி. இதுவே தலையாயது. பழைய பஞ்சினைத் தொட்டிநீர் நிறைந்த வாளியில் மெல்லப் பிழிந்து, ஈரம் உலராமல் உடனே புதிய தொட்டியிற் பொருத்துக. பழைய கூழாங்கற்களிலும் ஒரு பகுதியை இடுக. புதிய வடிகட்டி வாங்கியிருப்பின், பழையதும் புதியதும் ஒரு மாதமாவது பக்கத்திற் பக்கமாக ஓடட்டும்.

நான்காவது, மீன். மாற்றுவதற்கு முந்திய நாள் உணவு கொடாது விடுக. பழைய நீரிலேயே மூடிய வாளியில் எடுத்துச் செல்க. அல்லது பொலித்தீன் பையில் இட்டுப் புதிய தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிடுக. பின்னர் புதிய நீரைச் சிறுகச் சிறுக அரைமணி நேரம் பையினுள் வார்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. கடையிலிருந்து வந்த பையாயின் அந்த நீரைத் தொட்டியில் ஊற்றுதல் கூடாது. நோய்கள் அதன் வழியே வரும். அன்று விளக்கை அணைத்து வைப்பின் மீன்களின் மருட்சி குறையும்.

ஐந்தாவது, பொறுமை. முதல் மாதம் உணவைக் குறைத்துக் கொடுத்து, வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுக. புதிய மீன் வாங்குவதாயின் இரண்டு மூன்றாக, வாரங்களின் இடைவெளி விட்டு வாங்குக. அவற்றையும் சிறுதொட்டியில் இரண்டு வாரம் வேறாக வைத்திருந்து, நோயில்லை எனக் கண்டபின் சேர்த்தலே முறை. எமது பழைய 34 லீற்றர்த் தொட்டிக்கு இப்போது இதுவே தொழில்.

அயல் தேர்தல்

நீர் சீரானதும் எமக்கு இரண்டாம் பிழை நேர்ந்தது. எஞ்சியிருந்த மூன்று குராமிகளும் ஏஞ்சலும் அகன்ற தொட்டியில் தனித்துத் தோன்றின. நிறமும் துடிப்பும் வேண்டுமென்று நான்கு டைகர் பார்ப் மீன்களை வாங்கிச் சேர்த்தோம். சுமாத்திராவைத் தாயகமாகக் கொண்ட இவ்வரிக்கெண்டை அழகியது. ஆனால் குறும்பு மிகுந்தது. ஒரு கிழமைக்குள் குராமிகளின் நீண்ட உணர்விழைகள் கடிபட்டன. ஏஞ்சலின் செட்டை கிழிந்தது. மீன்கள் மூலையிலே ஒதுங்கின.

துணை தேர்வதில் ஐந்து கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இருவர்க்கும் ஒரே நீர் ஏற்குமா? கப்பி, மோலி, பிளாட்டி ஆகியன கடினநீரை விரும்புவன. நியோன் டெட்ரா முதலியன மென்னீரை விரும்புவன. பொன்மீன் குளிர்ந்த நீருக்குரியது, கழிவும் மிகுதி. அதனை வெப்பநீர் மீன்களோடு சேர்த்தல் தகாது. இரண்டாவது, ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று அடங்குமா? அடங்குமாயின் என்றாவது ஒருநாள் அடங்கியே தீரும். இளமையிலே நியோனோடு நீந்திய ஏஞ்சல், வளர்ந்தபின் அதனை விழுங்கிவிடும். மூன்றாவது, வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும்? 'டாங்க் கிளீனர்' என்று விரற்கடை அளவிலே விற்கப்படும் மீன் 30 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரக்கூடியது. நான்காவது, அதன் குணம் என்ன? சண்டைமீனின் ஆண்கள் இரண்டினை ஒன்றாக இடலாகாது. நீண்ட செட்டையுடையனவற்றைக் கடிக்கும் மீனோடு சேர்க்கலாகாது. ஐந்தாவது, அது கூட்டமாக வாழ்வதா, தனித்து வாழ்வதா? கூட்டமீனை இரண்டும் மூன்றுமாக வாங்கினால் அது அஞ்சி ஒடுங்கும், அல்லது அயலாரைத் துன்புறுத்தும்.

தொட்டியின் மேல், இடை, அடி என மூன்று தளங்களிலும் பரவி வாழும் மீன்களாகத் தேர்ந்தால் இடநெருக்கம் குறையும். அமைதியான தொட்டிக்கு நம் நாட்டு மீன்களே சிறந்த அயலவர் என்பதனைப் பலர் அறியார். உலகெங்கும் 'செரி பார்ப்' என விரும்பி வளர்க்கப்படுவது இலங்கைக்கே உரிய லே தித்தேயா. 1929-இல் இதனை விவரித்த பி. ஈ. பி. தெரணியகல, இதன் சிங்களப் பெயரையே விஞ்ஞானப் பெயரிலும் 'தித்தேயா' என அமைத்தார். ஐந்து சென்ரிமீற்றர் அளவினது, சாதுவானது, ஆறு எட்டாகச் சேர்த்து வளர்க்கத் தக்கது. மற்றொன்று, 'பிளாக் ரூபி பார்ப்' எனப்படும் புலத் ஹப்பயா. வெற்றிலை மெல்லுபவன் என்பது இச்சிங்களப் பெயரின் பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் முகம் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவக்கும். பெயரிட்ட கிராமத்தவரின் நகைச்சுவையை என்னென்பது!

ஓடைக்கரையில் ஒரு பாடம்

எமது வீட்டிலோ நான்கு வரிக்கெண்டைகளும் குற்றவாளிகளாய் நின்றன. அவ்வேளை பாடசாலை விடுமுறை வந்தது. வில்கமுவவில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றும் நண்பர் ஒருவர் நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். மகள் உடனே ஒரு யோசனை கூறினாள். "அப்பா, இவற்றைக் கொண்டுபோய் அங்குள்ள ஓடையிலே விட்டுவிடுவோம். இதைவிடப் பெரிய வீடு எது?" அஃது எமக்கும் புண்ணியச் செயலாகவே தோன்றிற்று.

மாத்தளையிலிருந்து நாவுல, எலஹெர வழியாகச் சென்றோம். வில்கமுவ மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ளது. ஒருபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடர்; மறுபுறம் மகாவலி கங்கை; அருகே 1984-இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட வஸ்கமுவ வனம். வயலும் குளமும் யானைவேலியுமாக விளங்கும் ஊர். மகளின் மடியில், பொலித்தீன் பையிலே, நான்கு வரிக்கெண்டைகளும் பயணம் செய்தன.

மாலையில் ஓடைக்கரைக்குச் சென்றோம். மகள் பையின் முடிச்சை அவிழ்க்கலானாள். நண்பர் சட்டென்று அவள் கையைப் பற்றினார்.

"பொறு மகள். இது தொட்டியன்று. பிழை நேர்ந்தால் மீளப் பிடித்தெடுக்க உன்னிடம் வலையில்லை" என்றார்.

"தண்ணீர்தானே மாமா? மீனுக்கு நல்லதுதானே?"

"இந்த மீனுக்கு நல்லதாக இருக்கலாம். இங்கே முன்னமே குடியிருப்பவர்களை நீ விசாரித்தாயா?"

பின்னர் அவர் கரையில் அமர்ந்து கூறியவற்றின் சாரம் இது. நக்கிள்ஸ் மலைகளில் ஊறி அம்பன் கங்கையோடு சேரும் நீரோட்டங்களில், உலகில் வேறெங்கும் காணப்படாத மீனினங்கள் வாழ்கின்றன. ரணில் சேனாநாயக்க 1985-இல் விவரித்த ஒரு கெண்டை அவற்றுள் ஒன்று. நீண்ட முதுகுச் செட்டை இழைகளும் கரும்புள்ளிகளும் கொண்டது. அதன் பேரினத்திற்கு 2012-இல் உயிரியல் அறிஞர் ரிச்சட் டோக்கின்ஸ் நினைவாக 'டோக்கின்சியா' எனப் பெயர் சூட்டப்பட்டது. மொறிஸ் கொத்தலாவும் ரொஹான் பெதியாகொடவும் 1991-இல் விவரித்த மாட்டென்ஸ்டைன் கெண்டை மற்றொன்று. சில ஓடைகளே அவற்றுக்கு உலகம். 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக நக்கிள்ஸ் வனமும் அமைந்திருப்பதற்கு இத்தகைய உயிர்ச் செல்வமே காரணம்.

"நமக்கு வேண்டாதது ஆற்றுக்கு ஆகட்டும் என்று விட்டவர்களால் வந்த வினையைப் பாருங்கள்" என்றார் நண்பர். டாங்க் கிளீனரும், ஆபிரிக்கக் கெளுத்தி என வளர்க்கப்பட்டதும், கத்திமீனும் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் தப்பி நாட்டின் நீர்நிலைகளிற் பரவியுள்ளன. அவை சுதேச மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கின்றன; சில அவற்றையே உண்கின்றன. 1952-இல் உணவுக்காக அரசு கொண்டுவந்த திலாப்பியா ஏழைகளின் கறிச்சட்டியை நிறைத்தது உண்மையே. ஆயினும் ஒருமுறை புகுந்த மீனை மறுபடி வெளியேற்ற இயலாது என்பதற்கும் அதுவே சான்று.

"அப்படியானால் மீனை ஆற்றிலிருந்து ஆற்றுக்கு மாற்றவே கூடாதா, மாமா?" என்று மகள் வினவினாள்.

"மாற்றியிருக்கின்றார்கள்" என்றார் அவர். காடழிப்பாலும் வளர்ப்பு மீன் வாணிகத்திற்காக அளவின்றிப் பிடித்ததாலும் தென்மேற்கு மழைக்காட்டு மீன்கள் அருகின. அதனை உணர்ந்த அறிஞர்கள் 1981-இல் களனி கங்கைப் படுகையின் சில சுதேச மீன்களை மகாவலிப் படுகையின் ஓடைகளிற் கொண்டுவந்து விட்டனர். அதன் விளைவுகளை ஆராய்ந்து எரிக் விக்கிரமநாயக்க 1990-இல் கட்டுரை வெளியிட்டார். அவற்றுட் சில புதிய நீரில் நிலைபெற்றன. ஆனால் அவர்கள் செய்தது பையின் முடிச்சை அவிழ்ப்பது மட்டுமன்று. எந்த மீன் எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் ஓடும் நீரில், எதனை உண்டு வாழ்கின்றது என அறிந்து, அங்கே முன்னமே இருப்பவற்றோடு அது இணங்குமா எனச் சிந்தித்துச் செய்தனர்; செய்தபின் ஆண்டுகள் பல சென்றும் திரும்பிச் சென்று பார்த்தனர். நீரும் அயலும் என்ற அதே இரண்டு விசாரணைகள்!

திரும்பும் வழியில் நண்பர் மற்றொன்றும் கூறினார். 2017-இல் மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கினர்; அதையடுத்துக் களு கங்கை நீர்த்தேக்கமும் எழுந்தது. வறண்ட வயல்களுக்கு அவை வாழ்வு. ஆனால் கல்லிலே மோதி ஓடும் நீருக்குப் பழகிய ஓடைக் கெண்டைக்கு அசையாத அகன்ற நீர்ப்பரப்பு பெரிய வீடாகாது. ஓட்டமும் ஒட்சிசனும் கற்பாசியும் உள்ள குறுகிய ஓடையே அதற்கு அரண்மனை. வீடு பெரிதாவது வேறு, பொருந்துவது வேறு என்பதனை எம் மகள் அன்று எம்மினும் விரைவாக விளங்கிக்கொண்டாள்.

வரிக்கெண்டைகள் என்னவாயின என்பதையும் கூறிவிடுகின்றோம். நண்பரின் பாடசாலையில் அகன்ற தொட்டி ஒன்று உண்டு. வில்கமுவக் கிணற்றுநீர் கடினமானது. ஆகவே சேமித்த மழைநீரைக் கலந்து அதனை நிரப்பியிருந்தார். எம் நான்கினையும் இரண்டு வாரம் வேறாக வைத்திருந்து, பின் அங்கிருந்த ஆறு வரிக்கெண்டைகளோடு சேர்த்தார். பத்தாகியதும் அவை தமக்குள்ளேயே ஓடிப் பிடித்து விளையாடுகின்றனவாம். பிறரைக் கடிக்கும் பழக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டதாம். எமது வீட்டில் அவை குற்றவாளிகள் என்று எண்ணினோம். உண்மையில் போதிய சுற்றமில்லாத குறையே அவற்றைக் கெடுத்தது.

எமது தொட்டியில் இப்போது மூன்று குராமிகள், செட்டை மீண்டும் வளர்ந்த ஏஞ்சல், அடித்தளத்திற்கு ஆறு கொரிடோராஸ் ஆகியன வாழ்கின்றன. கூட்டமாய் வாழும் லே தித்தேயாவையும் சேர்க்க மகளுக்கு ஆசை. "ஆற்றிற் பிடித்தவை வேண்டாம் அப்பா, பண்ணையிலே பெருக்கியவை என்று விசாரித்து வாங்குவோம்" என்கிறாள். "ஏஞ்சல் அவற்றை விழுங்குமா என்றும் பார்க்கவேண்டும். ஆறு வாரம் பொறுப்போம்" என்றும் சொல்கிறாள்.

நாம் பொறுத்திருக்கின்றோம்.